கோப்பை இல்லாமல் ஓய்வு பெற்ற மேயோவின் மூத்த ஆட்டக்காரர்கள்

கேள்வி இதுதான்: அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் மேயோ கவுண்டிக்காக (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஆடிய லீ கீகன், ஆண்டி மோரன், கீத் ஹிக்கின்ஸ் போன்றவர்கள் ஒருமுறைகூட ஆல்-அயர்லாந்து கோப்பையை வெல்லாமலே ஓய்வு பெற்றுவிட்டார்கள். சம்பளமும் கிடையாது. அப்படியிருக்க, அந்த நாட்டில் ஏன் அவர்களை மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள்? அத்தனை தோல்விக்குப் பிறகும் அவர்கள் ஏன் விட்டுப் போகவில்லை?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பையை மட்டும் வைத்து அவர்களை அளந்தால் தப்பான விடைதான் வரும். 2011 முதல் 2021 வரையிலான பதினோரு ஆண்டுகளில் பத்து முறை மேயோ அரையிறுதி வரை வந்தது. 2018 ஒன்றுதான் விடுபட்டது. அந்தக் காலம் முழுக்க எதிரே நின்றது டப்ளின். கேலிக் கால்பந்து கண்ட அணிகளிலேயே வலிமையானது என்று பலரும் ஒப்புக்கொள்ளும் அணி அது. அந்த டப்ளினிடம் மேயோ மூன்று இறுதி ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. கடைசியில் டப்ளினின் வெற்றி வரிசையை முடித்து வைத்ததும் மேயோதான். இதைச் செய்தவர்கள் ஏறக்குறைய ஒரே கூட்டம். அவர்கள் வளர்ந்ததும் மூத்ததும் அந்த ஒரே அணியில்தான்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சில அடிப்படைகள். அணிக்கு 15 பேர். பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். கோல் கம்பங்கள் ரக்பியில் இருப்பதுபோல மேலே நீண்டு நிற்கும், குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலையும் உண்டு. பந்து வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி. அதனால்தான் ஸ்கோரை 1-16 என்று எழுதுகிறார்கள்: ஒரு கோல், பதினாறு புள்ளி, மொத்தம் 19. (2025 முதல் நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி என்ற விதி வந்திருக்கிறது. நான் பேசும் ஆட்டங்கள் எல்லாம் அதற்கு முந்தியவை.) கவுண்டிகளுக்கு இடையிலான ஆட்டம் 70 நிமிடம். வயதுப் பிரிவுகளையெல்லாம் தாண்டி வருவது சீனியர் அணி. அந்த அணிகள் மோதும் ஆல்-அயர்லாந்துப் போட்டியின் பரிசு சாம் மக்வயர் கோப்பை. இறுதி ஆட்டம் டப்ளினில் உள்ள குரோக் பார்க்கில் நடக்கும். 82,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானம் அது.

இதையெல்லாம் நடத்தும் கேலிக் தடகளச் சங்கம் 1884-இல் டிப்பரரி கவுண்டியின் தர்லஸ் ஊரில் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. பயணப்படி, சாப்பாடு, அரசு தரும் ஒரு சிறு உதவித்தொகை, அவ்வளவுதான். இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம்: ஆட்டக்காரரை ஏலத்தில் எடுக்கும் வழக்கமோ, காசு கொடுத்து இன்னொரு கவுண்டிக்கு வாங்கும் வழக்கமோ இல்லை. ஒருவர் ஆறு வயதில் எந்த ஊர் கிளப்பில் சேர்ந்தாரோ, பெரும்பாலும் அந்தக் கிளப்புக்குத்தான் கடைசி வரை ஆடுவார். அந்தக் கிளப் எந்தக் கவுண்டியைச் சேர்ந்ததோ அதுதான் அவர் கவுண்டி. மேயோ தோற்றுக்கொண்டே இருக்கிறது, டப்ளினுக்குப் போய்விடலாம் என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை.

ஆண்டி மோரனைப் பாருங்கள். அவர் ஊர் பேலஹடரீன். 1898-இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தால் அந்த ஊர் மேயோவிலிருந்து பிரிந்து ராஸ்காமன் கவுண்டிக்குப் போய்விட்டது. தபால் முகவரி, வாக்குரிமை எல்லாம் ராஸ்காமன்தான். ஆனால் ஊரின் கிளப் மட்டும் மேயோவிலேயே தங்கிவிட்டது. நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த ஊர்ப் பிள்ளைகள் மேயோவின் பச்சை சிவப்புச் சட்டையைத்தான் போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் ராஸ்காமன் ரசிகனாக இருப்பான். கவுண்டி எல்லைக் கோட்டை விடக் கிளப்பின் பிடி எவ்வளவு பலமானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மேயோ அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. பஞ்சத்தையும் புலம்பெயர்வையும் நிறையப் பார்த்த மண். 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,38,000. டப்ளின் கவுண்டியில் 14 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல். பத்து மடங்கு. ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும், மாற்று ஆட்டக்காரர்களின் வரிசையில் இன்னும் நன்றாகத் தெரியும். மேயோ இளைஞர்களில் நிறையப் பேர் வேலைக்கும் படிப்புக்கும் டப்ளினில் இருக்கிறார்கள். பயிற்சி காசில்பாரில். வழி 240 கிலோமீட்டருக்கு மேல். வேலை முடிந்து மூன்று மணி நேரம் வண்டியில் வந்து, பயிற்சி செய்து, நள்ளிரவுக்குப் பிறகு திரும்பி, மறுநாள் அலுவலகம் போவார்கள். ஜனவரி, பிப்ரவரி மழையில் லீக் ஆட்டங்கள் (ஆல்-அயர்லாந்துக்கு முன் நடக்கும் தனிப் போட்டி அது). கூடவே சொந்தக் கிளப்பின் ஆட்டங்கள். கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் எல்லாம் இதன் நடுவிலேதான்.

இப்போது அந்தப் பத்தாண்டைப் பார்ப்போம்.

மேயோ கடைசியாக ஆல்-அயர்லாந்து வென்றது 1951-இல். 1936, 1950, 1951 என்று மொத்தமே மூன்று முறைதான். அதன் பிறகு 1989, 1996, 1997, 2004, 2006 இறுதி ஆட்டங்களில் தோல்வி. 2006-இல் கெர்ரியிடம் 4-15க்கு 3-5 என்று வாங்கிய அடி மிக மோசமானது. அந்த ஆண்டு அரையிறுதியில், டப்ளினுக்கு எதிராக ஏழு புள்ளி பின்தங்கியிருந்தபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கிக் கோல் அடித்த இளைஞர்தான் ஆண்டி மோரன். அந்த ஆட்டத்தை மேயோ ஒரு புள்ளியில் வென்றது.

2010-இன் இறுதியில் ஜேம்ஸ் ஹொரன் பயிற்சிப் பொறுப்புக்கு வந்தார். 2011-இல் நடப்புச் சாம்பியன் கார்க்கைக் காலிறுதியில் வீழ்த்தினார்கள். 2012-இல் நடப்புச் சாம்பியன் டப்ளினை அரையிறுதியில் வீழ்த்தினார்கள். இறுதியில் டோனிகால் முதல் பன்னிரண்டு நிமிடத்துக்குள்ளேயே இரண்டு கோல் அடித்துவிட்டது. மேயோ அதிலிருந்து மீளவே இல்லை. அந்த ஆட்டத்தில் அணித்தலைவர் மோரன் களத்தில் இல்லை. காலிறுதியில் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. முப்பது வயதை நெருங்கும் முன்வரிசை ஆட்டக்காரருக்கு அப்படி ஒரு காயம் வந்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். அவர் மறு ஆண்டே திரும்பி வந்து 2013 இறுதியில் டப்ளினுக்கு எதிராகக் கோல் அடித்தார். டப்ளின் 2-12, மேயோ 1-14. ஒரு புள்ளி.

2014 அரையிறுதியில் கெர்ரியோடு சமன். மறு ஆட்டம் குரோக் பார்க்கில் நடந்திருக்க வேண்டும். அன்று அங்கே அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் ஒன்றுக்கு இடம் கொடுத்துவிட்டிருந்ததால் லிமெரிக்குக்குத் தள்ளினார்கள். கூடுதல் நேரம் வரை போய்த் தோற்றார்கள். 2015 அரையிறுதியில் டப்ளினோடு சமன், மறு ஆட்டத்தில் தோல்வி. அந்த ஆண்டு முடிவில் ஆட்டக்காரர்கள் தங்கள் இரட்டைப் பயிற்சியாளர்கள் மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள், அவர்கள் விலகினார்கள். இதற்காக மூத்த ஆட்டக்காரர்கள் கடுமையாக விமர்சிக்கப்பட்டார்கள். தங்களுக்கு அதிகாரம் அதிகம் என்று நினைக்கிறார்கள் என்றார்கள். எனக்கு அந்த விமர்சனத்தில் உடன்பாடு இல்லை. சம்பளம் வாங்காமல் இளமையின் நல்ல ஆண்டுகளைக் கொடுப்பவனுக்கு, அந்த ஆண்டுகள் எப்படிச் செலவாகின்றன என்று கேட்க உரிமை உண்டு. ஆனால் ஒன்று நிஜம்: அந்த வாக்கெடுப்புக்குப் பிறகு தோற்றால் சொல்ல ஒரு சாக்கும் அவர்களுக்கு மிஞ்சவில்லை. அதைத் தெரிந்தேதான் செய்தார்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகள்தான் இந்தக் கதையின் நடுப்பகுதி. அவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2016 இறுதி ஆட்டம், செப்டம்பர் 18. டப்ளின் அடித்ததாகக் கணக்கில் உள்ள இரண்டு கோலையும் டப்ளின்காரர் யாரும் அடிக்கவில்லை. இரண்டும் மேயோ ஆட்டக்காரர்கள் மேல் பட்டுச் சொந்த வலைக்குள் போனவை. ஒன்று கெவின் மெக்லாக்லின் மேல் பட்டது, மற்றது கொலம் பாயில் மேல். இப்படி முதல் பாதியிலேயே ஆறு புள்ளியைத் தாரை வார்த்த அணி நொறுங்கிப் போயிருக்க வேண்டும். மேயோ ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தொட்டு வந்தது. காயத்துக்காகச் சேர்த்த நேரத்தில் கிலியன் ஓகானர் சமன் செய்தார். 2-9க்கு 0-15.

அக்டோபர் 1-ஆம் தேதி மறு ஆட்டம். பயிற்சியாளர் ஸ்டீபன் ராச்ஃபோர்ட் கோல்கீப்பரை மாற்றினார். டேவிட் கிளார்க் உட்கார, ராப் ஹென்னலி இறங்கினார். அந்த முடிவை இன்றும் திட்டுகிறார்கள். ஆனால் அதற்குப் பின்னே ஒரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு ஸ்கோருக்குப் பிறகும் கோல்கீப்பர்தான் பந்தை உதைத்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குகிறார். டப்ளினின் ஸ்டீபன் கிளக்ஸ்டன் அந்த ஒரு உதையை ஆயுதமாக்கிக் கேலிக் கால்பந்தையே மாற்றிவிட்டவர். ஆளில்லாத இடம் பார்த்து, நொடிப் பொழுதில், கைக்குப் போட்டதுபோல் உதைப்பார். கிளார்க் பந்தைத் தடுப்பதில் அபாரமானவர், உதையின் தூரம் குறைவு. டப்ளின் அந்தக் குறையைக் குறிவைத்து முன்னேறி நெருக்கியது. ஹென்னலிக்கு நீண்ட உதை உண்டு. காகிதத்தில் சரியான கணக்குதான். இரண்டாம் பாதியில் உயரத்தில் வந்த பந்து ஹென்னலியின் கையிலிருந்து நழுவியது. அதைச் சரிசெய்யப் போய் எதிராளியை இழுத்து வீழ்த்தினார். கறுப்பு அட்டை, பெனால்ட்டி. டியர்மட் கானலி கோல் அடித்தார். கிளார்க் ஓடி வந்து மிச்ச ஆட்டத்தை ஆடினார். டப்ளின் 1-15, மேயோ 1-14. கடைசியில் சமன் செய்யக் கிடைத்த ஃப்ரீ கிக்கை ஓகானர் தவறவிட்டார். அந்த ஆண்டின் ஆல் ஸ்டார் அணியின் (ஆண்டின் சிறந்த பதினைந்து பேர்) கோல்கீப்பர் யார் தெரியுமா? மறு ஆட்டத்தில் உட்கார வைக்கப்பட்ட அதே டேவிட் கிளார்க்.

அன்று கீகனும் ஆட்டத்தை முடிக்கவில்லை. வெஸ்ட்போர்ட்காரரான அவர் பின்வரிசை ஆட்டக்காரர். எதிரணியின் ஆபத்தான ஆளை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியது அவர் வேலை. டப்ளினுக்கு எதிராக அந்த ஆள் பெரும்பாலும் கானலிதான். ஆனால் கீகன் கானலியைத் துரத்தியதை விட, கானலியைத் தன் பின்னால் ஓட வைத்ததே அதிகம். தடுப்பாட்டக்காரர் முன்னே பாய்ந்து கோல் அடித்தால், அவரைக் கவனிக்கக் கானலி பின்னே ஓடத்தானே வேண்டும்? அந்த மறு ஆட்டத்தில் கீகன் கோல் அடித்தார். பிறகு முதல் பாதி முடியும் முன்பே கறுப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அப்போது கறுப்பு அட்டை என்றால் அந்த ஆட்டக்காரர் திரும்ப வரவே முடியாது. கீகன் களத்தில் இருந்திருந்தால் அன்று மேயோ வென்றிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது.

2017-இல் மேயோ சென்ற வழி வேறு. கொனாட் மாகாணப் போட்டியில் கால்வேயிடம் தோற்று, பின்வாசல் வழியாக, அதாவது தோற்றவர்களுக்கான தகுதிச் சுற்றுகள் வழியாகத் திரும்ப ஏற வேண்டியிருந்தது. டெர்ரியோடு கூடுதல் நேரம். கிளேர். கார்க்கோடு கூடுதல் நேரம். ராஸ்காமனோடு சமன், மறு ஆட்டம். கெர்ரியோடு சமன், மறு ஆட்டம். இறுதி ஆட்டம் அந்த ஆண்டின் சாம்பியன்ஷிப்பில் (ஆல்-அயர்லாந்துப் போட்டியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) அவர்களுக்குப் பத்தாவது. அரையிறுதியில் கெர்ரியின் நெடிய கீரன் டோனகியைத் தடுக்க, நடுக்கள ஆட்டக்காரரான எய்டன் ஓஷேயைக் கொண்டுபோய்க் கோல் முன்னால் நிறுத்தினார்கள். பழக்கமே இல்லாத இடம். ஓஷேயைப் பற்றி ஊடகங்களில் வந்த அளவுக்கு வேறு எந்த மேயோ ஆட்டக்காரரைப் பற்றியும் குறை வந்ததில்லை. தோல்விக்கு முகம் வேண்டும் என்றபோதெல்லாம் அவர் முகத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2009-இல் அறிமுகமானவர், அணி கேட்ட இடத்தில் எல்லாம் நின்றவர், தன்னோடு ஆடியவர்கள் ஒவ்வொருவராக விலகிய பிறகும் 2025-இலும் ஆடிக்கொண்டிருந்தவர். அவருக்கு நியாயம் செய்யப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

கெர்ரிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மேயோவைத் தாங்கியவர் ஆண்டி மோரன். அப்போது அவருக்கு 33 வயது. ஒரு கோலும் பல புள்ளிகளும் அடித்தார். வேகம் போய்விட்ட ஆட்டக்காரர் எப்படி அப்படி ஆடினார்? பந்து வருவதற்கு முன்பே எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பதினைந்து ஆண்டு ஆடினால்தான் வரும் அறிவு அது. மூத்த ஆட்டக்காரர்களால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஆட்டத்தைத்தான்.

இறுதி ஆட்டம், செப்டம்பர் 17. கான் ஓகாலகன் தொடக்கத்திலேயே டப்ளினுக்குக் கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் கீகன் கோல் அடித்தார். அடுத்தடுத்த இரண்டு இறுதிகளில் கோல் அடித்த தடுப்பாட்டக்காரர்! பிறகு ஒரு தருணம் வந்தது. டப்ளினின் ஜான் ஸ்மால் இரண்டாவது மஞ்சள் அட்டைக்குரிய தவறைச் செய்தார். மேயோவுக்கு எளிதாக அடிக்கக்கூடிய இடத்தில் ஃப்ரீ கிக், எதிரணியில் ஒருவர் குறைவு. அந்த நொடியில் மேயோவின் டோனல் வான் ஓடிவந்து ஸ்மாலை மோதித் தள்ளினார். வானுக்கும் சிவப்பு அட்டை, ஃப்ரீ கிக்கும் பறிபோய் நடுவர் பந்தை மேலே தூக்கிப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கினார். ஆட்டம் 1-16 என்று சமனில் இருந்தபோது ஓகானரின் ஃப்ரீ கிக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. டப்ளினுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. டீன் ராக் ஓடிவரும்போது, கீகன் தன் சட்டைக்குள்ளிருந்த ஜிபிஎஸ் கருவியைப் பிடுங்கி அவர் காலடியை நோக்கி எறிந்தார். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ராக் அசையாமல் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினார். 1-17க்கு 1-16.

ஆக, டப்ளின் திறமையால் மட்டும் வென்றதா? இல்லை என்றுதான் மேயோக்காரர்கள் சொல்வார்கள். சொந்த கோல்கள், நழுவிய பந்து, தேவையில்லாத சிவப்பு அட்டை, கம்பத்தில் பட்ட பந்து. இவற்றில் பாதி துரதிர்ஷ்டம், பாதி அவர்களே செய்துகொண்டது. அவர்களே செய்துகொண்டதை நான் மறைக்க விரும்பவில்லை. அழுத்தமான கடைசிப் பத்து நிமிடத்தில் டப்ளின் நிதானமாக இருந்தது, மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கியவர்களும் உடனே புள்ளி அடித்தார்கள். மேயோவின் மாற்று வரிசைக்கு அந்த ஆழம் இல்லை. மேலே சொன்ன மக்கள்தொகைக் கணக்கு அங்கேதான் கடிக்கிறது.

இங்கே சாபக் கதையையும் சொல்லியாக வேண்டும், கேட்பவர்கள் நிறைய. 1951-இல் கோப்பையோடு ஊர் திரும்பிய அணி, ஃபாக்ஸ்ஃபோர்டில் ஒரு சவ ஊர்வலத்துக்கு மரியாதை செய்யாமல் கடந்துபோனதாம். அந்த அணியில் கடைசி ஆள் இருக்கும்வரை மேயோ வெல்லாது என்று பாதிரியார் சபித்தாராம். அந்த அணியில் எஞ்சியிருந்த கடைசி ஆட்டக்காரர் பேடி பிரெண்டர்காஸ்ட் 2021 செப்டம்பரில் இறந்தார். அதன் பிறகும் கோப்பை வரவில்லை. முதுமையில் இருந்த மனிதர்களின் மரணத்தை ஒரு கவுண்டியே எண்ணிக்கொண்டிருப்பதுபோல் எழுதிய கட்டுரைகள் எனக்கு எப்போதும் கசப்பையே தந்தன. கோப்பை வரவில்லை என்பதும் ஆண்கள் அணிக்குத்தான். மேயோ பெண்கள் 1999, 2000, 2002, 2003 ஆண்டுகளில் ஆல்-அயர்லாந்து வென்றவர்கள். கோரா ஸ்டான்டன் என்ற அபாரமான ஆட்டக்காரர் அந்த நான்கிலும் இருந்தார், பதினொரு முறை ஆல் ஸ்டார் ஆனார், பிறகு ஆஸ்திரேலியா போய் அவர்களுடைய கால்பந்திலும் ஆடினார். மேயோ ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போது அவரை விடுவது பெரிய தவறு.

ஏன் விட்டுப் போகவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். டாம் பார்சன்ஸ் கதையில் ஒரு பதில் இருக்கிறது. சிவில் பொறியாளர். 2018 மே மாதம் கால்வேயோடு ஆடும்போது முழங்கால் மூட்டு விலகி, தசைநார்கள் பல கிழிந்தன. காலை நேராக வைத்து நடக்க முடிந்தாலே பெரிது என்ற நிலை. 2019-இல் மீண்டும் மேயோ சட்டையில் இறங்கினார். பணம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, திரும்பாவிட்டால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அணியின் உடைமாற்றும் அறையில் இருக்கும் மற்றவர்கள் தனக்காக ஓடுவார்கள் என்ற நிச்சயம் அவருக்கு இருந்தது என்பதே என் புரிதல். ஒரே கூட்டம் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து ஆடும்போது, ஒருவர் விலகுவது மற்றவரைத் தனியே விட்டுவிட்டுப் போவதாகிவிடுகிறது. பார்சன்ஸ் பின்னர் ஆட்டக்காரர்கள் சங்கத்தின் தலைமை நிர்வாகியானார்.

மற்றொரு காரணமும் உண்டு. பெரிய தோல்விகளில் பல மிகச் சிறிய வித்தியாசத்தில் வந்தன. பத்து புள்ளியில் தோற்றிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரு புள்ளியில் தோற்றவனுக்கு அடுத்த ஆண்டு மேல் நம்பிக்கை போவதே இல்லை. 2017-இல் மோரன் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியபோது கிட்டத்தட்ட 34 வயது. அந்த வயதில் உச்சத்தில் இருப்பவரிடம் ஓய்வு பெறு என்று எப்படிச் சொல்வது?

அவர் 2019 வரை ஆடினார். அந்த ஆண்டு லீக் கோப்பையை மேயோ வென்றது, 2001-க்குப் பிறகு முதல்முறையாக. அதே ஆண்டு ஓகானர், சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி அடித்தவர் என்ற இடத்தை கெர்ரியின் கொலம் கூப்பரிடமிருந்து எடுத்துக்கொண்டார். 2017-இல் கம்பத்தில் பட்ட அந்த ஒரு பந்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும். 2020 அரையிறுதியில் டிப்பரரிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4-9 அடித்தார். இறுதியில் கொரோனா காரணமாக ஆளில்லாத குரோக் பார்க்கில் டப்ளினிடம் 2-14க்கு 0-15 என்று தோல்வி. டீன் ராக் பதிமூன்றாவது விநாடியிலேயே கோல் அடித்த ஆட்டம் அது.

2021 ஜனவரியில் கிளார்க், ஹிக்கின்ஸ், பாரெட், வான், ஷேமஸ் ஓஷே, பார்சன்ஸ் ஆகிய ஆறு பேரும் அடுத்தடுத்து ஓய்வு அறிவித்தார்கள். ஒரு தலைமுறையே போனது. (ஹிக்கின்ஸ் அதோடு நிற்கவில்லை. அவர் ஊர் பேலிஹானிஸ், ஹர்லிங் ஆட்டத்துக்கு (மட்டையால் பந்தை அடித்து ஆடும் அயர்லாந்து ஆட்டம்) பேர் போனது. அவர் மேயோவின் ஹர்லிங் அணிக்கு ஆடப் போய்விட்டார்.) ஜூன் மாதத்தில் குதிகால் நார் கிழிந்து கிலியன் ஓகானரும் வெளியே. அந்த அணி ஆகஸ்ட் 14 அன்று அரையிறுதியில் டப்ளினைச் சந்தித்தது. 2014-க்குப் பிறகு சாம்பியன்ஷிப்பில் தோற்காத டப்ளின். பாதி ஆட்டத்தில் மேயோ நன்றாகப் பின்தங்கியிருந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டப் போன பந்தை டியர்மட் ஓகானர் பாய்ந்து காலால் உள்ளே தள்ளியதும், அதிலிருந்து ஒரு புள்ளி வந்ததும் இன்றும் பேசப்படுகின்றன. காயத்துக்காகச் சேர்த்த நேரத்தில் ஒரு புள்ளி தேவை, நாற்பத்தைந்து மீட்டர் தூரத்தில் நின்ற பந்து. அடிக்க வந்தவர் கோல்கீப்பர் ராப் ஹென்னலி. 2016-இல் பந்தை நழுவவிட்ட அதே ஹென்னலி. முதல் உதை தவறியது, டப்ளின்காரர்கள் முன்கூட்டியே நெருங்கியதால் நடுவர் திரும்ப அடிக்கச் சொன்னார். இரண்டாவது உதை கம்பங்களுக்கு நடுவே போனது. கூடுதல் நேரத்தில் மேயோ 0-17க்கு 0-14 என்று வென்றது.

இறுதியில் டிரோனிடம் 2-14க்கு 0-15 என்று தோற்றார்கள். டப்ளின் இல்லாத இறுதி ஆட்டம், இது கிடைத்திருக்க வேண்டிய கோப்பை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஃப்ரீ கிக்கும் பெனால்ட்டியும் அடிக்கக் கிலியன் ஓகானர் இல்லாதது அன்று உறைத்தது. பெனால்ட்டி கம்பத்தில் பட்டது.

கீகன் 2023 ஜனவரியில் ஓய்வு பெற்றார், ஐந்து ஆல் ஸ்டார் விருதுகளோடு. அந்த அணியில் ஆடிய ஆலன் டில்லன் அரசியலுக்குப் போய் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2025-இல் அணி தன் குழுவைத் தாண்டாமலே வெளியேறியது. அதன் பிறகு பயிற்சியாளராகப் பொறுப்பேற்றவர் ஆண்டி மோரன்.

இவர்களை நீங்களே பார்த்து முடிவு செய்ய விரும்பினால் முதலில் 2017 இறுதி ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள், சுருக்கக் காட்சிகள் போதாது. கீகன் பந்தில்லாத நேரத்தில் எங்கே ஓடுகிறார், கிளார்க் எவ்வளவு நேரம் கழித்துப் பந்தை உதைக்கிறார், கிளக்ஸ்டன் எவ்வளவு சீக்கிரம் உதைக்கிறார் என்று கவனியுங்கள். அடுத்து அதே ஆண்டின் கெர்ரி அரையிறுதி, முதல் ஆட்டம், மோரனுக்காக. பிறகு 2021 டப்ளின் அரையிறுதி. அதில் முதல் பாதி சலிப்பாக இருக்கும், நிறுத்திவிடாதீர்கள்.